புழுதிச் சாலையும் எஞ்சினின் சுவாசமும்

ஆனியிலும் ஆடியிலும் மேற்கு மலையைத் தாண்டி இறங்குகிற காற்று, கொண்டுவந்த மழையையெல்லாம் மலைக்கு அந்தப்புறத்திலேயே பெய்துவிட்டு வறண்ட வேகத்தோடு வந்து, ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நீளுகிற நெடுஞ்சாலையின் இரு மருங்கிலும் கிடக்கும் மண்ணை எழுப்பிவிடும்போது, ஆடிப்பூரத் தேர் காண வருகிறவர்களின் கார்களும், நூல் மூட்டை ஏற்றிய லாரிகளும், ஜல்லி சிந்திச் செல்லும் டிப்பர்களும் அந்தப் புழுதிக்குள்ளேதான் சுவாசித்துக்கொண்டு போகின்றன. மனிதன் மூக்கைத் துண்டால் மூடிக்கொள்கிறான். எஞ்சினுக்கு அந்தத் துண்டின் ஸ்தானத்தில் இருப்பது, பானெட்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் மடிப்பு மடிப்பாக அடங்கியிருக்கும் காகிதம்.

அந்தக் காகிதத்தின் மேல் விழும் பொறுப்பு சாமான்யமானதன்று. ஒரு லிட்டர் பெட்ரோல் செவ்வனே எரிவதற்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓடும் கார், 10,000 கிலோமீட்டர் பிரயாணத்துக்குள் 60 லட்சம் லிட்டர் காற்றை உட்கொண்டுவிடுகிறது. அத்தனை காற்றும் எந்த ஊர்க் காற்று என்பதைக் கேளாமல், வண்டியோடு வரும் புத்தகத்தில் அச்சிட்ட கிலோமீட்டர் கணக்கை மட்டும் பார்த்து ஃபில்டர் மாற்றுவது சரியாகாது. அதே புத்தகத்தில், புழுதி மிகுந்த சாலைகளில் ஓடும் வண்டிக்கு இன்னும் சீக்கிரமாகப் பார்க்கவேண்டும் என்று ஒரு வரி இருக்கும். நம் சாலைக்குப் பொருந்துவது அந்த வரிதான்.

இவ்வட்டாரத்துக் காற்றில் இருவகைத் தூசிகள் உண்டு. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936ஆம் ஆண்டில் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியது முதல் பஞ்சாலைகளாலேயே வளர்ந்த ஊராகையால், ஆலைகளை ஒட்டிய தெருக்களில் நிறுத்தப்படும் கார்களின் ஏர் ஃபில்டரைக் கழற்றினால், மடிப்புகளின் வெளிமுகத்தில் வெள்ளைப் பஞ்சுப்பிசிறு ஒரு மெல்லிய போர்வையாகப் படிந்திருப்பதைக் காணலாம். பார்ப்பதற்குப் பயமாக இருந்தாலும் அது எஞ்சினை அரிக்காது. காற்று வரும் வழியை அடைத்து இழுவையைக் குறைக்குமே தவிர வேறில்லை. உண்மையான சத்துரு கண்ணுக்குப் புலனாகாத மண்தூள். அதிலுள்ள குவார்ட்ஸ் எஞ்சினின் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. தலைமயிரின் பருமன் சுமார் 70 மைக்ரான் என்றால், ஐந்து முதல் இருபது மைக்ரான் வரையுள்ள துகள்களே அதிக நாசம் விளைவிப்பவை. ஏனெனில், பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் விட்டுவைத்திருக்கும் சந்துக்குள் நுழைவதற்கு அந்த அளவுதான் ஏற்றது. நுழைந்தது அங்கேயே நின்றுவிடுவதுமில்லை. எண்ணெயில் கலந்து கிராங்க் பேரிங் வரையில் போய்த் தேய்க்கிறது. ஒரு நாள் புகைக்குழாயில் நீலப் புகை தெரியும்போது, 'வண்டி ஆயில் குடிக்குது' என்கிறார்கள் நம் மெக்கானிக்குகள்.

இந்த ஞானம் நமக்குப் புதிதன்று. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பெட்ரோல் அரிதாகிவிட, மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம் கரியிலிருந்து வாயு உண்டாக்கும் 'காஸ் பிளாண்ட்'டைத் தயாரித்து வண்டிகளை ஓடச்செய்தது. கரிவாயுவோடு சாம்பலும் கரித்தூளும் பறந்து வருமாதலால், அத்தகைய வண்டிகளில் அடுப்புக்கு எவ்வளவு முக்கியத்துவமோ அவ்வளவும் வாயுவைக் குளிர்வித்து வடிகட்டும் பாகத்துக்கும் உண்டு. அன்றைய டிரைவர்கள் வடிகட்டியைச் சுத்தம் செய்யாமல் வண்டி எடுக்க முடியாது. இன்று அது மூடிய பெட்டிக்குள் போய்விட்டதால் நம் கவனத்திலிருந்தும் போய்விட்டது.

ஆனால் கவனம் என்ற பெயரில் நடக்கும் ஒரு காரியத்தை நான் வன்மையாக ஆட்சேபிக்கிறேன். வாட்டர் சர்வீஸுக்குப் போகும்போதெல்லாம் ஃபில்டரை வெளியே இழுத்து, கம்ப்ரஸர் காற்றை முழு வேகத்தில் அடித்து உதறுகிற வழக்கம் நம் ஊர்களில் பரவியிருக்கிறது. காகித ஃபில்டரின் சூக்ஷ்மம் என்னவென்றால், புத்தம் புதிதாக இருக்கும்போது அது தடுப்பதைவிட, மேலே சிறிது தூசி படிந்த பிறகு அதிகமாகத் தடுக்கிறது. படிந்த தூசியே அடுத்து வரும் தூசிக்கு அணையாகிவிடுகிறது. அடிக்கடி காற்றடித்தால் அந்த அணை உடைவதோடு, காகிதத்தில் ஊசித்துளைகளும் விழுந்துவிடும். அவசியமானால் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெல்ல, தூரத்தில் பிடித்து அடிக்கலாம், கழுவவே கூடாது. ஃபில்டரைவிடப் பெட்டியைப் பார்ப்பது மேல். எஞ்சின் பக்கத்துக் குழாயின் உட்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண்ணின் நிறம் ஏறினால், காகிதம் கிழிந்திருக்கிறது, அல்லது ஓரத்து ரப்பர் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். எத்தனை விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் ஓரம் அமராத ஃபில்டர் இருந்தும் இல்லாததே.

அழுக்கான ஏர் ஃபில்டரால் மைலேஜ் பெரிதும் குறையும் என்று சொல்லித்தான் புதியதை விற்கிறார்கள். பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்கு அது பொருந்தியிருக்கலாம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009இல் வெளியிட்ட சோதனை முடிவு, இக்காலத்துப் பெட்ரோல் இன்ஜெக்ஷன் கார்களில் எரிபொருள் செலவு குறிப்பிடத்தக்கபடி மாறவில்லை என்றும், வேகம் எடுப்பதே மந்தமாகிறது என்றும் காட்டிற்று. ஆகவே பெட்ரோல் செலவை மிச்சம் பிடிக்க அன்று, சிலிண்டரைக் காப்பதற்காகவே ஃபில்டரை மாற்றுகிறோம் என்ற தெளிவு வேண்டும்.

இளைஞர்கள் சிலர், கழுவிக் கழுவி ஆயுள் முழுவதும் உபயோகிக்கலாம் என்று எண்ணெய் தோய்ந்த பருத்தித்துணி ஃபில்டரைத் தேடுகிறார்கள். கம்பி வலைகளுக்கு நடுவே அடுக்கிய அந்தத் துணி, ராஜபாளையத்துக்கு அடுத்த சத்திரப்பட்டியின் விசைத்தறிகள் நாள் முழுதும் நெய்கிற பேண்டேஜ் துணியின் இனமே. நம் பக்கத்துப் பருத்தியின் மேல் எனக்கு அபிமானம் உண்டெனினும், நம் பக்கத்துப் புழுதிக்கு அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். காற்றைத் தாராளமாக விடுகிற துணி, நுண்துகளைத் தடுப்பதில் நல்ல காகிதத்துக்கு ஈடாகாது. எண்ணெயைக் கூடுதலாகத் தடவிவிட்டால், காற்றை அளக்கும் சென்சாரின் மேல் அது போய்ப் படிந்துவிடுகிறது.

ஆயில் ஃபில்டருக்கு வருவோம். ஃபோர்டின் மாடல் டி காரில் அப்படி ஒன்று இருக்கவேயில்லை. எண்ணெயையே அடிக்கடி மாற்றிக்கொண்டிருந்தார்கள். எர்னஸ்ட் ஸ்வீட்லண்ட் 1923இல் 'பியூரோலேட்டர்' என்ற பெயரில் செய்ததற்குப் பிற்பாடே அது கார்களில் இடம்பெற்றது. இன்று திருகிப் பொருத்தும் அந்தச் சிறு டப்பாவை வாங்கும்போது, மரை பொருந்துகிறது என்பதனால் மட்டும் ஒன்றை வாங்கிவிடக் கூடாது. உள்ளே இரண்டு வால்வுகள் இருக்கின்றன: எஞ்சினை நிறுத்தியபின் எண்ணெய் வடிந்து இறங்காமல் பிடித்துவைப்பது ஒன்று, காகிதம் அடைத்துக்கொண்டால், வடிபடாத எண்ணெயையாவது பேரிங்குகளுக்கு அனுப்பிவைப்பது மற்றொன்று. எந்த அழுத்தத்தில் இரண்டாவது திறக்கவேண்டும் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். முதலாவது மட்டமாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடிகள் கடகடவென்று சத்தம் கேட்கும். டூப்ளிகேட் சரக்குகளில் மிச்சம் பிடிக்கப்படுவது இந்த வால்வுகளில்தான். ஆகையால் வண்டியின் மாடலையும் வருஷத்தையும் சொல்லி, பாகத்தின் எண்ணைப் பார்த்து, பில் கொடுக்கிற கடையில் வாங்குவதே விவேகம்.

தென்காசி சாலையில் ஒரு பட்டறையில் இந்த வேலை நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வயதான மெக்கானிக், சூடு ஆறாத எண்ணெயைச் சட்டியில் வடியவிட்டு, பழைய ஃபில்டரைத் திருகி எடுத்ததும், புதியதைக் கையில் எடுக்கவில்லை. எஞ்சின் பிளாக்கின் அடியில் விரலை வட்டமாக ஓட்டினார். பழைய ரப்பர் வளையம் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதை உரித்து என்னிடம் காட்டி, "அண்ணாச்சி, இதுக்கு மேலயே புதுச மாட்டிட்டா ஆயில் பூராவும் ரோட்டுக்கு வந்துரும்" என்றார். புதிய வளையத்தில் ஒரு துளி எண்ணெய் தடவி, வளையம் தொட்டவரையில் திருகி, அதற்கு மேல் முக்கால் சுற்று, வெறுங்கையால் மட்டும். ஸ்பேனரை நீட்டிய பையனை, "வேண்டாம்டா, நாளைக்குக் கழத்துறவன் சங்கடப்படுவான்" என்று தடுத்துவிட்டார். பிறகு புதிய எண்ணெயை ஊற்றி எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் விளக்கு அணைந்ததைப் பார்த்து, அடியில் டார்ச் அடித்துக் கசிவில்லை என்று கண்டபின் நிறுத்தி, சற்றுப் பொறுத்துக் குச்சியில் அளவு பார்த்தார். எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஃபில்டரையும் மாற்றாமல் அவர் வண்டியை வெளியே விடுவதில்லையாம். பழையதில் தங்கிய அழுக்கெண்ணெய் புதிய எண்ணெயோடு கலப்பதை அவர் ஒப்புவதில்லை.

கழற்றிய ஃபில்டர்களை அவர் ஒரு வாளியின் மேல் கம்பிச்சல்லடை வைத்துக் கவிழ்த்திருந்தார். இரவு முழுதும் வடிந்த எண்ணெய், பழைய ஆயில் வாங்குகிறவருக்கான பீப்பாய்க்குப் போகிறது. டப்பா பழைய இரும்புக்குப் போகிறது. பட்டறைக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் கண்மாயில் போய் விழுவதால், ஒரு சொட்டும் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று பையன்களுக்கு உத்தரவு.