எண்ணெய் படிந்த கரை

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம்மவர்க்கு எண்ணூர்க் கடற்கரை அயலிடமாகத் தோன்றலாம். ஆயினும் நகரி மலைப்பக்கத்து மழைநீர் பூண்டி நீர்த்தேக்கம் சேர்ந்து, மிகுந்தது கொசத்தலையாற்று வழியே எண்ணூர் முகத்துவாரத்தில்தான் கடலை அடைகிறது. அக்கரை அண்மையில் இருமுறை எண்ணெயில் தோய்ந்தது.

2017 ஜனவரி 28 விடியற்காலையில் காமராஜர் துறைமுகத்தருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. சிந்தியது கப்பலை ஓட்டும் கனத்த எரியெண்ணெய். மண்ணெண்ணெயைப் போல் அது எளிதில் ஆவியாவதில்லை. அலையில் அடிபட்டு, நீரை உட்கொண்டு, பருமன் பெருகிக் களிபோல் ஆகிவிடும். எர்ணாவூரில் கடலரிப்பைத் தடுக்க அடுக்கிய பாறைகளின் இடுக்குகளில் அது புகுந்துகொண்டது. உறிஞ்சும் இயந்திரங்கள் திணறின. மீனவரும் மாணவரும் காவலரும் வாளிகளால் அள்ளினர். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்கலம் ஏவும் நாட்டில் வாளிதான் கைகொடுத்தது! ஆமைகள் முட்டையிடக் கரையேறும் பருவமும் அதுவே.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே முகத்துவாரமெங்கும் பரவியது. படகுகளும் வலைகளும் கறுத்தன. வலையில் ஊறிய எண்ணெய் எளிதில் போவதன்று. வலை போனால் மீனவனுக்கு அன்றாடப் பிழைப்புப் போயிற்று. அலையாத்தி மரங்களோ சேற்றுக்கு மேல் நீட்டும் வேர்களால் மூச்சு விடுபவை. அவ்வேர்களையும் எண்ணெய் பூசிற்று.

இத்தகைய கரையைக் காணச் செல்வோர் வெறுங்காலுடன் நடத்தல் ஆகாது. எண்ணெய் படிந்த பறவையைக் கண்டால் தாமே கழுவ முற்படாமல் வனத்துறையினருக்கு அறிவிப்பதே தக்கது.