சேரியில் பிள்ளை வளர்ப்போருக்குத் துணை எங்கே? மனநல உரிமையும் நம் இயக்கங்களின் கடமையும்

2021 ஏப்ரல் 7. சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்த மறுநாள், அரக்கோணத்தை அடுத்த சோகனூர் அருகே அர்ஜுனன், சூர்யா என்னும் இரு தலித் இளைஞர்கள் கொல்லப்பட்டனர். இத்தகைய ஒவ்வொரு வன்கொடுமைக்குப் பின்னும் நாம் எழுப்பும் கோரிக்கைகளுக்கு ஒரு வரிசை உண்டு: கைது, தீருதவி, அரசு வேலை, விரைவான விசாரணை. அவை அனைத்தும் நியாயமானவை, சட்டம் வழங்கியவை. ஆனால் அந்த வரிசையில் அரிதாகவே இடம்பெறும் கேள்வி ஒன்று உண்டு. மறுநாள் முதல் அதே தெருவில் பிள்ளை வளர்த்தாக வேண்டிய தாய்க்கும் தந்தைக்கும் யார் துணை?

இக்கேள்வியை முதலில் நம்மை நோக்கியே கேட்க வேண்டும். முதல் தகவல் அறிக்கையில் உரிய பிரிவுகள் சேர்க்கப்பட்டனவா என்று பார்க்கிறோம். தீருதவி முதல் தவணை வந்ததா என்று கேட்கிறோம். இரவில் உறங்காத தாயையும், மகன் வாசலைத் தாண்டினாலே பதறி அடிக்கும் தந்தையையும் அவர்கள் பாட்டுக்கு விட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

அச்சம் வளர்ப்பு முறையாகும்போது

'ஊர்த் தெரு வழியே வண்டியில் போகாதே', 'யார் என்ன சொன்னாலும் பேசாமல் வந்துவிடு' என்று சேரிப் பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்வது கோழைத்தனத்தால் அன்று. அது உயிர் காக்கும் பாடம். ஆனால் பள்ளியில் அரசமைப்பையும் சமத்துவத்தையும் படிக்கும் பிள்ளைக்கு அப்பாடம் அவமானமாகத் தெரிகிறது. தந்தை அடங்கிப் போகிறவர் என்று மகன் எண்ணத் தொடங்குகிறான். மகன் அடங்காதவன் என்று தந்தை எண்ணத் தொடங்குகிறார். இடையில் மது வந்தால் வீடு மேலும் நொறுங்குகிறது. வெளியே இருக்கும் சாதி, வீட்டுக்குள் தந்தை-மகன் சண்டையாக உருமாறுகிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவர் உடன் பயின்ற மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதற்கு முன்பே அச்சிறுவர் துன்புறுத்தலால் பள்ளிக்குச் செல்லாமல் நின்றிருந்தார். அந்நிகழ்வைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதி அடையாளக் கயிறுகளைத் தடை செய்வது முதல் பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது வரை பல பரிந்துரைகள் அதில் உள்ளன. 'பிள்ளை ஏன் பள்ளிக்குப் போக மறுக்கிறான்?' என்பது பெற்றோருக்கு வளர்ப்புச் சிக்கலாகத் தோன்றும். அதன் வேர் வகுப்பறையில் சாதியாக இருக்கலாம் என்பதே நாங்குநேரி கற்பித்த பாடம்.

இது நமக்கு மட்டும் உரிய நிலையன்று. அமெரிக்காவில் கறுப்பினப் பெற்றோர், காவலர் வழிமறித்தால் கையை எங்கே வைக்க வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். அந்தப் பேச்சின் சுமையை அங்குள்ள உளவியலாளர்கள் ஆய்வுப் பொருளாக்கினர். ரியானா ஆண்டர்சன், ஹோவர்ட் ஸ்டீவன்சன் ஆகியோர் கறுப்பினக் குடும்பங்களுக்கென்றே 'எம்பிரேஸ்' என்னும் பயிற்சியை வடிவமைத்தனர். இனவெறி தரும் மன அழுத்தத்தைப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து பேசக் கற்பதே அதன் அடிப்படை. இங்கோ, சாதியைப் பற்றிப் பேச்செடுத்ததும் 'அதையெல்லாம் மறந்துவிடுங்கள்' என்று சொல்லும் ஆலோசகரிடம் நம் பெற்றோர் மறுமுறை போவதில்லை. இக்குறையை உணர்ந்து, திவ்யா கந்துகுரி தொடங்கிய 'தி புளூ டான்' குழு வெகுமக்கள் சமூகங்களைச் சேர்ந்தோருக்கு மனநல ஆதரவைப் பெற்றுத் தரும் பணியைச் செய்து வருகிறது. சாதியை அறிந்த ஆலோசகர் வேண்டும் என்று கேட்பது சலுகை கோருவதாகாது. சரியான சிகிச்சையைக் கோருவதாகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, நமக்கு வலுவான கருவி. அதன் 18ஆம் பிரிவு அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநலச் சேவைகளை அணுகும் உரிமையை ஒவ்வொருவருக்கும் வழங்குகிறது. பாகுபாடு காட்டக் கூடாத அடிப்படைகளுள் சாதியையும் அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. குழந்தைகளுக்கான மனநலச் சேவையும், நோயுற்றவரின் குடும்பத்துக்கான ஆதரவும் அரசு வழங்க வேண்டியவற்றுள் அடங்கும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்குச் சிகிச்சை இலவசம். சேவை பெற நெடுந்தூரம் பயணிக்கும் நிலை எவருக்கும் நேரக் கூடாது. ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைந்தபட்சச் சேவைகளேனும் இருக்க வேண்டும். அவை இல்லையெனில், அதே மாவட்டத்தில் வேறு மனநலச் சேவையைப் பெறலாம். செலவை அரசே ஏற்க வேண்டும்.

அரக்கோணத்திலிருந்து பார்த்தால் இந்த 'நெடுந்தூரம்' என்னும் சொல்லின் பொருள் விளங்கும். 2019 நவம்பரில் வேலூரிலிருந்து பிரிந்த இராணிப்பேட்டை மாவட்டத்தின் கிழக்கு முனையில் உள்ளது அரக்கோணம். சென்னைக்கு மின்சார ரயில் உண்டு. காட்பாடிக்கும் ரயில் உண்டு. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகமும், வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையமும் தொடர்வண்டியில் எட்டிவிடும் தொலைவில்தான் உள்ளன. பாகாயம் மையம் 1950களிலிருந்தே குடும்பத்தாரை நோயாளியுடன் தங்கவைத்து, சிகிச்சையில் பங்கேற்கச் செய்த முன்னோடி. ஆனால் நாற்பது நிமிடப் பேச்சுக்காக ஒரு நாள் கூலியை இழப்பவர் எத்தனை முறை போவார்?

ஆகவே அருகில் உள்ளவற்றிலிருந்து தொடங்குவோம். 14416 என்ற எண்ணில் 'டெலி மானஸ்' மனநல ஆலோசனை நாள் முழுவதும் இலவசம், தமிழில் பேசலாம். பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098. மாவட்ட மனநலத் திட்டக் குழுவினர் வட்ட அரசு மருத்துவமனைக்கு எந்தெந்த நாள்களில் வருகிறார்கள், குழந்தைகளுக்கான ஆலோசகர் உண்டா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கு அதுவும் இல்லை. வரும் பதிலே அடுத்த மனுவுக்கு ஆதாரம்.

கல்லூரி மாணவர்கள் கவனிக்க வேண்டிய தீர்ப்பு ஒன்றும் உண்டு. சுக்தேவ் சாஹா எதிர் ஆந்திரப் பிரதேச அரசு வழக்கில் 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்கு மனநல வழிகாட்டுதல்களை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் நிறுவனத்தில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரேனும் இருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களைப் பாகுபாடின்றி அணுகப் பணியாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். பெற்றோருக்கும் விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் நடத்த வேண்டும். உங்கள் கல்லூரியில் அந்த ஆலோசகர் யார் என்று எழுத்து மூலம் கேளுங்கள்.

வன்கொடுமை வழக்குகளில், 2015 திருத்தத்தின் வழியே வந்த 15அ பிரிவு, பாதிக்கப்பட்டோரின் சமூக, பொருளாதார மறுவாழ்வைப் பற்றிப் பேசுகிறது. தொண்டு நிறுவனம், சமூகப் பணியாளர், வழக்கறிஞர் ஆகியோரின் உதவியைப் பெறும் உரிமையையும் அது தருகிறது. குடும்பத்துக்கான மனநல ஆலோசனையை மறுவாழ்வின் பகுதியாக நாம் எழுதிக் கேட்க வேண்டும். கேட்காத உரிமையை யாரும் கொண்டுவந்து தருவதில்லை.

மன்றத்தில் ஒரு மாலை

சிகிச்சை மருத்துவருடையது, துணை நம்முடையது. ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் 2006இல் டிக்சன் சிபாண்டா என்னும் மனநல மருத்துவர், பயிற்சி பெற்ற பாட்டிமார்களை மருத்துவமனை வளாக மரப்பலகைகளில் அமர்த்தினார். மருத்துவர் பற்றாக்குறைக்கு அவர் கண்ட விடை 'நட்பு இருக்கை'. நம் தெருக்களில் அம்பேத்கர் மன்றங்கள் உள்ளன. மகளிர் சுய உதவிக் குழுக்கள் உள்ளன. கல்வி உரிமைச் சட்டம் உருவாக்கிய பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். நலிந்த பிரிவினருக்கு விகிதாசார இடமும் வேண்டும். பெற்றோர் கூடுவதற்கு இதைவிட வேறு என்ன அடித்தளம் தேவை?

எட்டு அல்லது பத்துப் பேர், வாரத்தில் ஒரு மாலை, வேலை முடிந்து வரும் நேரம். தந்தையரும் வர வேண்டும். பிள்ளை வளர்ப்பு தாயின் தனிச்சுமையன்று. கேட்டது வெளியே போகாது என்பது முதல் விதி. அறிவுரை சொல்ல அவசரப்படாமை இரண்டாவது விதி. பிள்ளையோ பெற்றோரோ உயிரை மாய்த்துக்கொள்வதாகப் பேசினால் காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது மூன்றாவது விதி. இரகசியத்துக்கும் ஓர் எல்லை உண்டு: சிறார் மீதான பாலியல் குற்றம் தெரிய வந்தால் புகார் அளிப்பது போக்சோ சட்டப்படி கட்டாயம்.

சோகனூருக்கு நீதி வேண்டும் என்ற முழக்கம் கொலையாளிகளுக்குத் தண்டனை வாங்குவதோடு நிறைவடைவதில்லை. அத்தெருவின் பிள்ளைகள் அச்சமின்றி வளர்வதும், அவர்களை வளர்ப்போர் தனித்து விடப்படாமல் இருப்பதும் நீதியின் பகுதியே. அடுத்த முறை கோரிக்கை மனு எழுத அமரும் தோழர்கள், தீருதவிக்கு அடுத்த வரியில் மனநல ஆதரவையும் எழுதுங்கள்.