லினக்ஸ் கணினியில் நெட் மெதுவாக இருக்கிறதா?

தமிழக அரசு 2011-இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய கட்டற்ற இயங்குதளம் அது. பழைய கணினியில் உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் போட்டுப் படிக்கும் பிள்ளைகள் இன்றும் நம் வீடுகளில் உண்டு.

கல்லூரி விண்ணப்பத்தின் கடைசி நாளில் நெட் இழுத்தால், "கணினி போச்சு" என்று புவனகிரியிலிருந்து சிதம்பரத்துக்கோ கடலூருக்கோ தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அதற்கு முன் வீட்டிலேயே நான்கைப் பார்ப்போம்.

முதலில், அதே வைஃபையில் செல்போனின் வேகத்தைப் பாருங்கள். போனிலும் மெதுவென்றால் பெரும்பாலும் குறை கணினியில் இல்லை, இணைப்பில்தான்.

இரண்டாவது, ஒயர். லேன் கேபிளில் எட்டுக் கம்பிகள். ஒன்று அறுந்தாலும் 1000 எம்பிபிஎஸ் இணைப்பு 100-க்கோ அதற்கும் கீழோ இறங்கலாம். வேறு கேபிள் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, மின்சேமிப்பு. பேட்டரியை மிச்சப்படுத்த வைஃபை கார்டு அவ்வப்போது உறங்கும். சில கார்டுகளில் அதுவே தடங்கல். நெட்வொர்க் மேனேஜர் அமைப்பில் அதை நிறுத்திச் சோதிக்கலாம்.

நான்காவது, டிரைவர். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலுடனே வருகின்றன. அப்டேட்டுக்குப் பிறகு வேகம் குறைந்திருந்தால், கணினி தொடங்கும்போது 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' சென்று பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். வேகம் திரும்பினால், குறை புதிய கெர்னலில் என்று புரியும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, வேகத்தைக் குறித்து வையுங்கள். கடைக்கே போக நேர்ந்தாலும், அந்தக் குறிப்பு வீண்செலவைத் தடுக்கும்.