காயில் கருகும் முன்

கிணற்றிலும் போர்வெல்லிலும் ஓடும் பம்ப் மோட்டார்கள் அநேகமாக எல்லாமே இண்டக்‌ஷன் வகையைச் சேர்ந்தவை. வோல்டேஜ் குறையும்போது இந்த மோட்டார் நடந்துகொள்ளும் விதம் குண்டு பல்புக்கு நேர்மாறானது. பல்பு குறைவான கரண்ட்டை எடுத்து மங்கலாக எரியும், கெட்டுப்போகாது. மோட்டாரோ தண்ணீரை மேலே தள்ளியே ஆக வேண்டும். அதன் வேகம் சற்றுதான் குறைகிறது, சுமையும் பெரிதாகக் குறைவதில்லை. எனவே வோல்டேஜில் வந்த குறையைக் கரண்ட்டைக் கூட்டி ஈடுகட்டுகிறது. 415 வோல்ட்டில் 10 ஆம்பியர் எடுக்கும் மோட்டார், 300 வோல்ட்டில் 13, 14 ஆம்பியர் வரை இழுக்கும். காயிலில் பிறக்கும் வெப்பம் கரண்ட்டின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், அது ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும்.

இந்தச் சூடு உடனே ஆளைக் கொல்லும் நஞ்சு போன்றதல்ல. தாங்கும் அளவுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் கம்பியின் மேலுள்ள இன்சுலேஷனின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது மின்பொறியாளர்களின் கைக்கணக்கு. கோடை முழுவதும் குறைந்த வோல்டேஜில் ஓடிய மோட்டார், மின்சாரம் சரியாக வரும் ஒரு நாளில் கருகுவதுண்டு. பழி அன்றைக்குப் பழுதுபார்த்தவர் மேலோ, மோட்டார் கம்பெனி மேலோ விழும். சேதம் நடந்ததென்னவோ அதற்கு முந்தைய மாதங்களில்.

ஓடும்போது நேரும் கேட்டைவிடக் கொடியது, கிளம்ப முடியாமல் நிற்கும்போது நேர்வது. மோட்டாரின் சுழல்விசை வோல்டேஜின் இருமடியைப் பொறுத்தது. 415-க்குப் பதில் 300 வோல்ட் வந்தால் விசை பாதிதான் கிடைக்கும். மணலோ துருவோ பிடித்த பம்ப் அந்த விசைக்கு அசையாது. மோட்டார் ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டு நிற்கும். நிற்கும் மோட்டார் வழக்கமான கரண்ட்டைப் போலப் பல மடங்கு இழுக்கும். சரியான வோல்டேஜில் அது ஆறு மடங்கு வரை போகும். குறைந்த வோல்டேஜிலும் நான்கு மடங்கு வரை இருக்கும். சப்மெர்சிபிள் மோட்டாரில் நிலைமை இன்னும் மோசம்: அதைக் குளிர்விப்பது உடலை உரசிக்கொண்டு மேலேறும் தண்ணீர். பம்ப் சுழலவில்லை என்றால் அந்த ஓட்டமும் இல்லை.

கருகிய மோட்டாரைப் பிரித்து வைத்தால் காயிலே கதையைச் சொல்லும். மூன்று ஃபேஸின் சுருள்களும் ஒரே சீராகக் கறுத்திருந்தால், மோட்டார் நெடுநேரம் அதிகக் கரண்ட்டில் ஓடியிருக்கிறது. குறைந்த வோல்டேஜும் இந்த அடையாளத்தைத்தான் விட்டுச்செல்லும். ஸ்டார் இணைப்புள்ள மோட்டாரில் இரண்டு ஃபேஸ் கருகி ஒன்று மட்டும் செம்பு நிறம் மாறாமல் இருந்தாலோ, டெல்டா இணைப்பில் ஒன்று மட்டும் கருகி மற்ற இரண்டும் பிழைத்திருந்தாலோ, வழியில் ஒரு ஃபேஸ் அறுந்துபோயிருக்கிறது என்று பொருள். ரீவைண்டிங் பட்டறையில் பழைய காயிலை வெட்டியெடுக்கும் முன் இதை ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. இல்லையென்றால் காரணம் அப்படியே இருக்கும், புதுக் காயிலும் அதே வழியில் போகும்.

வோல்டேஜ் குறைவதற்கு முதல் காரணம் தூரம். டிரான்ஸ்பார்மரிலிருந்து கடைசிக் கம்பத்துக்குப் போகும் வழியில் கம்பியின் மின்தடை வோல்டேஜைத் தின்றுகொண்டே போகிறது. எத்தனை மோட்டார் ஓடுகிறதோ அத்தனைக்கும் அந்த இழப்பு கூடும். த்ரீ ஃபேஸ் மின்சாரம் வந்ததும் ஊரிலுள்ள ஆட்டோ ஸ்டார்ட்டர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மோட்டாரைக் கிளப்பப் பார்க்கும்போது, கடைக்கோடித் தோட்டத்துக்கு வோல்டேஜ் அதலபாதாளத்தில் இறங்கிவிடும். இதற்கு எளிய மருந்து உண்டு: ஒவ்வொரு ஸ்டார்ட்டரிலும் உள்ள டைமரைச் சில நிமிடம் முன்பின்னாக வைப்பது. ஒரே டிரான்ஸ்பார்மரில் இருக்கும் தோட்டக்காரர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்தால் இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

இரண்டாவது காரணம் தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அதுதான் அதிகம் கவனிக்கப்படாமல் போகிறது. கோவை வட்டாரத்தில் 1,000 அடி போர்வெல் இன்று அதிசயமில்லை. ஏறத்தாழ 300 மீட்டர் ஆழத்தில் 10 ஆம்பியர் எடுக்கும் மோட்டாருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளை இறக்கினால், கேபிளில் மட்டும் 33 வோல்ட் அளவுக்குக் காணாமல் போகும். 4 சதுர மில்லிமீட்டர் என்றால் இழப்பு 20 வோல்ட். 6 என்றால் 14 வோல்ட். ஸ்டார்ட்டர் பெட்டியில் 370 காட்டும் வோல்ட்மீட்டரை நம்பி ஓட்டுபவருக்கு, கீழே மோட்டாருக்கு 337 தான் போகிறது என்பது தெரியாது. விவசாய பம்ப் மோட்டார்களுக்கான இந்தியத் தரநிலைகள், குறித்த வோல்டேஜைவிட 15 சதவீதம் வரைதான் குறையலாம் என்கின்றன. 415-க்கு அது ஏறத்தாழ 353 வோல்ட். கேபிளில் மிச்சம் பிடித்த சில ஆயிரம், மோட்டாரை ஒரு முறை மேலே தூக்கும் கூலிக்கே காணாது.

பாதுகாப்புக் கருவிகளில் பலரும் நம்பியிருப்பது ஸ்டார்ட்டரில் உள்ள நோ-வோல்ட் காயில். அது மின்சாரம் அறவே போனால் விடுபடும். வோல்டேஜ் 75 சதவீதம் இருக்கும்போது பிடித்துக்கொண்டே இருக்கலாம். ஆபத்தான வோல்டேஜில் மோட்டாரை நிறுத்தும் வேலைக்கு அது செய்யப்படவில்லை. அந்த வேலையைச் செய்வது அண்டர் வோல்டேஜ் ரிலே. வோல்டேஜ் குறித்த அளவுக்குக் கீழே இறங்கிச் சில விநாடிகள் அங்கேயே நின்றால் அது மோட்டாரை நிறுத்தும். கண நேரச் சரிவுக்கு நிறுத்தாது. ஃபேஸ் அறுந்தால் நிறுத்தும் சிங்கிள் ஃபேஸிங் பிரிவென்டரும் அதே பெட்டிக்குள் சேர்ந்து வருவதுண்டு. மூன்று ஃபேஸுக்கும் இடையே வோல்டேஜ் ஏற்றத்தாழ்வு 3, 4 சதவீதம் இருந்தாலே சூடு கணிசமாக ஏறும் என்பதால், அதையும் பார்க்கும் ரிலேயாக வாங்குவது நல்லது.

கடைசி அரண் ஓவர்லோடு ரிலே. இது ஏற்கெனவே பெரும்பாலான ஸ்டார்ட்டர்களில் இருக்கிறது. சரியாக வைக்கப்பட்டிருப்பதுதான் அரிது. ‘அடிக்கடி டிரிப் ஆகிறது’ என்று அதன் குமிழை உச்சத்துக்குத் திருகிவிடுவது பரவலான வழக்கம். காய்ச்சல் காட்டுகிறது என்று தெர்மாமீட்டரை உடைப்பதற்கு அது சமம். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் இன்னொரு பிழையும் நடக்கிறது. ரிலே மோட்டாரின் காயில் வழியில் இருந்தால் அது காண்பது முழுக் கரண்ட்டை அல்ல, அதில் 58 சதவீதத்தை. பெயர்ப்பலகையில் 17 ஆம்பியர் என்றிருந்தால் குமிழ் 10-ல் நிற்க வேண்டும். 17-ல் வைத்தால், காயில் கருகும்வரை ரிலே அசையாது. ஃப்யூஸில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றுவதும் இதே வகைத் தவறு.

கெப்பாசிட்டர் வேறு வழியில் உதவுகிறது. 5 எச்.பி. மோட்டாருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் 2 கே.வி.ஏ.ஆர். கெப்பாசிட்டரை ஸ்டார்ட்டருக்கு அருகில் இணைத்தால், லைனிலிருந்து வரும் 8 ஆம்பியர் 7-க்குக் கீழே இறங்கும். லைனில் இழக்கும் வோல்டேஜும் ஓரளவு மிச்சமாகும். ஆனால் கெப்பாசிட்டருக்கு அப்பால் உள்ள போர்வெல் கேபிளிலும் காயிலிலும் ஓடும் கரண்ட் இதனால் குறையாது. பலன் ஒரு தோட்டத்தில் வைத்தால் சிறிது. அந்த லைனில் எல்லோரும் வைத்தால்தான் பெரிது.

மூன்று ஃபேஸும் வராத நேரத்தில் கெப்பாசிட்டர் (கண்டன்சர்) போட்டு டூ ஃபேஸில் த்ரீ ஃபேஸ் மோட்டாரை ஓட்டுவது காயிலுக்குச் செய்யும் துரோகம். மூன்று சுருள்களுக்கும் சமமாகக் கரண்ட் போகாது. வாடும் பயிரைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அதைச் செய்வதன் தவிப்பு புரியக்கூடியது. அப்படியே ஓட்டினாலும் மூன்று வயரிலும் கிளாம்ப் மீட்டரைப் போட்டு, பெயர்ப்பலகை அளவை எதுவும் தாண்டவில்லை என்று பார்க்க வேண்டும். குறைந்த வோல்டேஜுக்கென்றே காயில் கட்டிக்கொள்வதும் உண்டு. இரவில் சுமை குறைந்து வோல்டேஜ் 430-க்கு ஏறும்போது அந்த மோட்டார் தேவைக்கு மேல் காந்தக் கரண்ட்டை இழுத்துச் சூடேறும் என்பதால், அதற்கு ஓவர் வோல்டேஜ் பாதுகாப்பும் சேர்ந்தே வேண்டும்.

வீட்டுத் தொட்டிக்கு நீர் ஏற்றும் சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்கு ஸ்டெபிலைசர் போதும். கிளம்பும்போது இழுக்கும் கரண்ட்டைத் தாங்கும் அளவில் அது இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

குறை எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வோல்ட்மீட்டர் போதும். மோட்டாரைப் போடுவதற்கு முன் ஓர் அளவு, ஓடத் தொடங்கி ஐந்து நிமிடம் கழித்து இன்னோர் அளவு. போடும் முன்பே 350 என்றால் குறை மின்வாரிய லைனில். போடும் முன் 405 இருந்து, ஓடும்போது 360-க்கு விழுந்தால் குறை பெரும்பாலும் அந்தத் தோட்டத்துக்கு வரும் சர்வீஸ் வயரிலோ, கம்பத்தில் கறுத்துத் தளர்ந்துபோன அலுமினிய இணைப்பிலோ இருக்கும். ஒரு வாரம் இந்த இரண்டு அளவுகளையும் நேரத்தோடு எழுதிவைத்து மனுவோடு கொடுத்தால், பிரிவு அலுவலகத்தில் பேச்சு ‘வோல்டேஜ் வருவதில்லை’ என்ற பொதுப் புகாரோடு நிற்காது. லைனே நீண்டிருந்தால் கேட்க வேண்டியது, 11 கிலோவோல்ட் லைனைத் தோட்டங்களுக்கு அருகே கொண்டுவந்து, சில பம்புகளுக்கு ஒன்றாகச் சிறிய டிரான்ஸ்பார்மர் வைக்கும் ஏற்பாடு. அதே மின்சாரத்தை 415-க்குப் பதில் 11,000 வோல்ட்டில் கொண்டுவரும்போது கம்பியில் ஓடும் கரண்ட் 26-ல் ஒரு பங்காகிறது. கடைசிக் கம்பத்துக்கும் முதல் கம்பத்துக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு இருக்காது.