அல்பானிய மொழியில் ‘மொல்ல’: ஒரு சொல்லின் மூலமும் ஒலித்திரிபு விதியும்

அல்பானிய மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சார்ந்தது என்பதைப் பிரான்ஸ் பொப் 1854இல் எடுத்துக்காட்டினார். ஆயினும், 1891இல் வெளிவந்த குஸ்தாவ் மேயரின் சொற்பிறப்பியல் அகராதி, 5,000க்கும் மேற்பட்ட சொற்களுள் ஏறத்தாழ 400 மட்டுமே மரபுவழி வந்தவை எனக் கண்டது. எஞ்சியவற்றுள் மிகப் பல இலத்தீன், கிரேக்கம், சிலாவியம், துருக்கியம் ஆகியவற்றிலிருந்து பெற்ற கடன்சொற்களாகும். இம்மொழியில் கிடைக்கும் முதல் நூல் 1555ஆம் ஆண்டினது. ஆதலின் பழங்கடன்களை இனங்காண ஒலித்திரிபு விதிகளே முதன்மைச் சான்றாகின்றன.

ஆப்பிளைக் குறிக்கும் ‘மொல்ல’ என்னும் சொல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. இலத்தீனில் ‘மாலும்’, டோரியக் கிரேக்கத்தில் ‘மாலோன்’ என்பன அதே பொருளில் வழங்கின. உரோமர் ஆட்சி நெடுங்காலம் நிலவியமையால், இது இலத்தீன் கடன் எனக் கருதுவோர் உளர். வடிவொற்றுமையும் பொருளொற்றுமையும் இக்கருத்துக்கு இடந்தருகின்றன.

எனினும் உயிரொலி வேறொன்றைக் காட்டுகிறது. தாயைக் குறித்த இந்தோ-ஐரோப்பிய ‘மாத்தேர்’, அல்பானியத்தில் ‘மொத்தர்’ என நின்று உடன்பிறந்தாளைக் குறிக்கிறது. இங்கு ஆகாரம் ஒகரமாகத் திரிந்துள்ளது. அமைதியைக் குறிக்கும் இலத்தீன் ‘பாக்கெம்’ என்பதோ ‘பச்செ’ என அகரத்துடனேயே வழங்குகிறது. எனவே இலத்தீன் சொற்கள் புகுமுன்னரே இத்திரிபு முடிவுற்றிருத்தல் வேண்டும். ‘மொல்ல’ ஒகரம் பெற்றிருத்தலின் அது முந்தைய அடுக்கைச் சார்ந்ததாகிறது. இலத்தீன் மூலத்தை ஏற்போர் இவ்வொகரத்திற்குத் தனி விளக்கம் தரவேண்டியவராகின்றனர்.

பொறியைக் குறித்த டோரியச் சொல்லான ‘மாக்கனா’, திரிகைக் கல்லைக் குறிக்கும் ‘மொக்கர்’ ஆயிற்று எனப் பெரும்பாலோர் கொள்வர். பழைய கிரேக்கக் கடன்களும் இத்திரிபுக்கு உட்பட்டன என்பதை இது உணர்த்துகிறது.

இவ்வாய்வு ஒரு பழத்தின் பெயரோடு அமைவதன்று. பண்டைக் கிரேக்கக் கடன்கள் அல்பானியத்தில் மிகச் சிலவே என்பதால், அம்மொழியினரின் முன்னோர் கிரேக்கப் பகுதிக்குத் தொலைவில் வாழ்ந்தனர் என ஒரு சாரார் கூறுவர். அச்சிலவும் டோரிய வடிவுடையன ஆதலின் அண்மைத் தொடர்பு இருந்தது என மறுசாரார் வாதிடுவர். எண்ணிக்கை சிறிதாக உள்ள இடத்தில் ஒவ்வொரு சொல்லும் வழக்கின் போக்கை மாற்றவல்லது.

ஆயினும் கிரேக்கச் சொல்லே பழைய நடுநிலக்கடற் பகுதி மொழியொன்றிலிருந்து வந்ததாகப் பலர் கருதுகின்றனர். அவ்வாறாயின், அல்பானியம் அதே ஊற்றிலிருந்து நேரே பெற்றிருக்கவும் கூடும். ஆகார வடிவம் எவ்வழி வந்திருப்பினும் திரிபு ஒன்றே. ஆகவே ஒலிவிதி சொல்லின் காலத்தை வரையறுக்கிறதேயன்றி, அதனைத் தந்த மொழியை வரையறுக்கவில்லை. ‘மொல்ல’ என்பதை இலத்தீனுக்கு முற்பட்ட சொல் எனக் கொள்ளுதல் தகும்; அதனைக் கிரேக்கத் தொடர்பின் தனிச்சான்றாக எண்ணுதல் தகாது.