விரல் நுனியும் ஊற்றுணர்வும்

ஐம்புலன்களுள் ஊறு எனப்படும் தொடுவுணர்வே முதலில் வைத்து எண்ணத்தக்கது. உயிர்களை அறிவின் வகையாற் பாகுபடுத்திய தொல்காப்பியர், புல் மரம் முதலிய ஓரறிவுயிர்க்கும் உரியதாக இவ்வுணர்வையே வைத்தார். ஆயினும் மாந்தர் மிகுதியும் போற்றுவது கண்ணை. மிகுதியும் மறந்திருப்பது விரல் நுனியை.

பூநகரிப் பிரதேசத்து ஜெயபுரம் போன்ற வயற் சிற்றூர்களில் விரலின் வேலையை நாளும் காணலாம். காயவிட்ட நெல் பதத்துக்கு வந்ததோ என்பதைக் கையால் அளைந்து அறிவர். மாவின் அரைவைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே தேய்த்துத் தேர்வர். ஓலைப்பெட்டி இழைக்கும் மூதாட்டி கண்ணினும் விரலையே பெரிதும் நம்புகின்றாள். இத்தகைய கைகளில் முதுமையால் உணர்வு குன்றுமோ? ஆணின் விரலுக்கும் பெண்ணின் விரலுக்கும் வேற்றுமை உண்டோ? போரிற் கண்ணிழந்தோர் வாழும் வன்னிப் பெருநிலத்தில் இவை வெறும் ஏட்டு வினாக்கள் அல்ல. 2009 ஆம் ஆண்டில் போர் முடிந்தபோது இளைஞராயிருந்தோர் இன்று நடுவயதினர். அவருள் ஒருவர் பிறெயில் எழுத்தைக் கற்க விரும்பும்போது, வயது சென்றுவிட்டது, விரல் மரத்துவிட்டது என்று பிறர் கூறுவாராயின், அக்கூற்று மெய்யோ பொய்யோ என்பது அவர் வாழ்வையே தொடுவதாகும்.

விரல் நுனித் தோல் ஏனைய தோலினின்றும் வேறானது. அதில் மயிர் இல்லை. மேற்றோல் பல மடங்கு தடித்தது. வயலின் வரம்பும் வாய்க்காலும் போல வரைகள் அதன்மேல் ஓடுகின்றன. அவ்வரைகளின் முகடுகளில் வியர்வைத் துளைகள் வரிசையாக அமைந்துள்ளன. தோலினுள்ளே நால்வகைத் தொடுகை வாங்கிகள் உள்ளன. 1852 இல் மைஸ்னர் விவரித்த துணிக்கைகள் மெல்லிய நழுவலையும் படபடப்பையும் உணர்வன. 1875 இல் மேர்க்கல் விவரித்த கலங்கள், தம்மோடு இணைந்த நரம்புகளின் வழியே விளிம்பையும் வடிவையும் உணர்த்துவன. ரூபினி முனைகள் தோலின் இழுவையை அறியும். ஆழத்தில் உள்ள பசினித் துணிக்கைகள் அதிர்வை அறியும். பிறெயிற் புள்ளிகளின் வடிவை மூளைக்கு உரைப்பதில் முதன்மை பெறுவன மேர்க்கல் கலங்களின் நரம்புகளே.

தொடுவுணர்வை அளக்க வழிகண்டவர் யேர்மனியின் லைப்சிக் நகரில் ஆய்வு செய்த வேபர். கவராயத்தின் இரு முனைகளையும் தோலில் வைத்து, எவ்வளவு நெருங்கும்வரை அவை இரண்டாகவே உணரப்படுகின்றன என்று அவர் சோதித்தார். 1834 இல் அதனை நூலாக வெளியிட்டார். விரல் நுனியில் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் இடைவெளி போதும். முதுகிலோ ஏறக்குறைய 40 மில்லிமீற்றர் வேண்டும்.

பெண்களின் விரல் கூரிய உணர்வுடையது என்பது நெடுநாள் அறிந்தது. அதன் காரணம் 2009 இல் வெளிவந்த ஓர் ஆய்விலேயே தெளிவாயிற்று. கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில் 100 மாணவரின் சுட்டுவிரல்களை அளந்து, நுண்ணிய பள்ளங்கள் கீறிய தகடுகளால் உணர்வைச் சோதித்தனர். பெண்கள் சராசரியாக மேம்பட்டனர். ஆனால் விரலின் பரப்பைக் கணக்கிற் கொண்டதும் அவ்வேற்றுமை மறைந்தது. ஒரே பருமனான விரலுடைய ஆணும் பெண்ணும் ஒத்த கூர்மையுடையர். சிறுவிரலில் வியர்வைத் துளைகள் நெருங்கியுள்ளன. மேர்க்கல் கலங்கள் அத்துளைகளின் அடியைச் சூழ்ந்து திரள்வன ஆதலின் அவையும் அங்கே செறிந்திருக்கும் என்பது ஆய்வாளர் துணிபு. பெண்மையின் மென்மைக்கு இங்கே சான்று தேடுவோர் ஏமாற்றமே அடைவர்.

முதுமையின் காரியம் இத்துணை எளிதன்று. இளமைக்குப்பின் விரலின் கூர்மை ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று என்னும் அளவிற் குறைகின்றது. தோல் உலர்ந்து விறைப்பதே காரணம் எனப் பலர் எண்ணுவர். முதுமையில் தோல் உலர்வதும், மாதவிடாய் நின்ற பெண்டிரின் தோலிற் கொலாசன் குறைந்து அது மெலிவதும் உண்மையே. வரைகளும் தேய்கின்றன. இந்தியாவில் ஆதார் விரற்பதிவு பொருந்தாமையால் முதியோரும் உடலுழைப்பாளரும் பங்கீட்டுக் கடைகளில் இடர்ப்பட்டமை பலரும் அறிந்தது. ஆனால் வரை தேய்தல் வேறு, உணர்வு தேய்தல் வேறு. விரற்றோல் பொருளின் வடிவுக்கு இசைந்து வளையும் தன்மை இளைஞரிடையே காணப்படும் வேற்றுமையை ஓரளவு விளக்குமெனினும், முதுமைக் குறைவை விளக்காதென 2004 இல் ஓர் ஆய்வு காட்டிற்று. மைஸ்னர் துணிக்கைகள் அருகுதலும் நரம்புகளின் கடத்தல் தளர்தலுமே பெருங்காரணங்களாகக் கருதப்படுகின்றன. மண்வெட்டி பிடித்த கையிற் காய்ப்பு ஏறினால் மெல்லிய தொடுகை மங்கும். எனினும் வேலை ஓய்ந்தால் காய்ப்பும் நாளடைவிற் கரையும்.

இனி, கண்ணிழந்தோரை நோக்கின் வியப்பான செய்தி கிடைக்கின்றது. 2003 இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, விரலை அசையாது வைத்துச் சோதித்தபோது, கண்பார்வையற்றவரின் கூர்மை அவரினும் 23 ஆண்டு இளைய பார்வையுள்ளவரின் கூர்மையை ஒத்திருந்தது. ஆனால் அவரிடத்தும் வயதோடு குறைவு காணப்பட்டது. அமெரிக்காவின் மின்னெசோற்றாப் பல்கலைக்கழகத்தார் 2008 இல் வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 85 வயது வரையுள்ளோர் விரலை அசைத்துத் தேடியறிய விடப்பட்டனர். பார்வையுள்ளோர் வழக்கம்போல் ஆண்டுதோறும் குன்ற, பிறெயில் வாசிப்போர் முதுமையிலும் குன்றாதிருந்தனர். 2011 இன் ஆய்வு இன்னும் நுட்பமானது. பார்வையற்றோரின் மேம்பாடு விரலிற் காணப்பட்டது, உதட்டிற் காணப்படவில்லை. வாசிக்கும் விரலின் கூர்மையோ வாரந்தோறும் வாசித்த நேரத்தோடு இசைந்து நின்றது. ஆதலின் அம்மேம்பாட்டை இருளின் கொடை என்பதினும் பயிற்சியின் பயன் என்பதே பொருந்தும்.

இவ்வாய்வுகளில் நெடுநாள் வாசித்தோர் பலர். 45 வயதிற் புதிதாகத் தொடங்குபவர் அவரோடு ஒத்தவர் ஆகார். எனினும் கணக்கு அவருக்குப் பாதகமன்று. பிறெயிற் புள்ளிகளின் இடைவெளி ஏறக்குறைய 2.5 மில்லிமீற்றர். இளமையில் ஒன்றரை மில்லிமீற்றரைப் பிரித்தறிந்த விரல், ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று குறையினும், 50 வயதில் 2 மில்லிமீற்றரளவைப் பிரித்தறியும். வாசிப்பு விரைவு இளையோரினும் குறைவாயிருக்கலாம். எழுத்து எட்டாதென்பது தவறு.

வயதினும் அஞ்சத்தக்கது சலரோகம். அது நீடிப்பின் நரம்புகளையே கெடுத்து, காலில் தொடங்கிக் கைக்கும் பரவும் மரப்பை உண்டாக்கும். ஆதலின் நடுவயதிற் கற்கவரும் ஒருவரின் வயதைக் கேட்குமுன் இரத்தத்துச் சீனியின் அளவைக் கேட்பது முறை. நரம்பு தளர்ந்தோர்க்கென இடைவெளி அகன்ற பெரும்புள்ளிப் பிறெயிலும் உண்டு. அதிலே தொடங்கி, விரல் பழகியபின் வழக்கமான அளவுக்கு வருதல் கூடும்.