இளம் முகமும் சீன மையும்

சீன மை ஓவியத்தில் முதியவரை வரைவதைவிட இளைஞரை வரைவதே கடினம். முதியவர் முகத்தில் சுருக்கம், நரம்பு, தாடி எனத் தூரிகைக்கு வேலை நிறைய உண்டு. இளம் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. புருவம், இமை, மூக்கின் ஓரம், உதடு ஆகிய சில கோடுகளிலேயே ஆள் உயிரோடு தெரிய வேண்டும்.

புகைக்கரியைப் பசையோடு பிசைந்து கட்டியாக்கி, கல்லில் நீர்விட்டு உரைத்து எடுப்பதே இந்த மை. அன்ஹுய் மாகாணத்துச் சுவான் தாள் மரப்பட்டை நாராலும் நெல் வைக்கோலாலும் ஆனது. பதப்படுத்தாத தாள் மையை உடனே குடித்துவிடும்; பட்டது பட்டதுதான், அழிக்க வழியில்லை. கன்னத்தில் வைத்த ஈரம் காயுமுன் அடுத்த சாயலைத் தொட்டால் இரண்டும் விளிம்பு தெரியாமல் கலக்கும். கொஞ்சம் பிந்தினாலும் முகத்தில் கறை விழும். படிகாரமும் பசையும் பூசிய தாளிலோ மை ஊறாது. மெல்லிய கோடு போட்டு, நீர்த்த வண்ணத்தை அடுக்கடுக்காக ஏற்றலாம்.

பழைய சீன ஓவியத்தில் மலையும் நீரும் பெற்ற இடத்தை மனித உருவம் நெடுங்காலம் பெறவில்லை. 20ஆம் நூற்றாண்டில் அதை மாற்றியவர்களில் முதன்மையானவர் சூ பெய்ஹோங் (1895–1953). பாரிஸில் பயின்ற அவர், ஆளை நேரில் இருத்திப் பார்த்து வரையும் பழக்கத்தை மைத்தூரிகைக்குக் கொண்டுவந்தார். அவருடைய மிகப் பெரிய மை உருவ ஓவியம் பிறந்தது இந்தியாவில். தாகூரின் அழைப்பில் 1939 இறுதியில் சாந்திநிகேதன் வந்தவர், 1940இல் இந்தியாவில் இருந்தபோதே 'மலையைப் பெயர்த்த மூடக் கிழவன்' ஓவியத்தை நான்கு மீட்டருக்கு மேல் நீளத்தில் தீட்டினார். மலையைத் தோண்டிப் பெயர்க்கப் புறப்பட்ட ஒரு கிழவனைப் பற்றிய பழங்கதை அது. கதை கிழவனுடையது, ஆனால் கண் போவது மண்வெட்டியைத் தலைக்கு மேல் ஓங்கி நிற்கும் இளைஞர்களிடம். அவர்களுக்கு மாதிரியாக இருந்தவர்கள் இந்தியர்கள். விலா எலும்பையும் தோளின் இறுக்கத்தையும் கோடே சொல்கிறது; நிழல் பேருக்குத்தான். ஜப்பானோடு சீனா போரில் கிடந்த அந்த நாட்களில், தலைமுறை தலைமுறையாகத் தோண்டுவோம் என்ற உறுதிக்கு இந்திய உடல்களே வடிவம் தந்தன. இது மறக்கக் கூடாத உறவு.

பின்னர் சூ, பெய்ஜிங் மத்திய நுண்கலைக் கழகத்துக்குத் தலைமையேற்று, நேரில் பார்த்து வரைவதைப் பாடத்தின் அடித்தளமாக்கினார். ஹாங்ஜோ நகரத்து ஓவியர்கள் வேறு வழி கண்டார்கள். அங்கே பாங் செங்சியான், மலரையும் பறவையையும் வரையும் கைவீச்சை மனித உருவத்துக்குப் பயன்படுத்தினார்.

இன்றைய இளம் உருவங்களில் இரு போக்குகள் தெளிவாகத் தெரிகின்றன. தியன்ஜினில் 1957இல் பிறந்த ஹே ஜியாயிங் நுண்கோட்டு முறைக்காரர். அவருடைய 1991ஆம் ஆண்டு ஓவியத்தில் பிர்ச் மரங்களுக்கு முன்னே ஓர் இளம்பெண் தரையில் அமர்ந்திருக்கிறாள், இலையுதிர் காலம். அடுக்கடுக்கான மென்சாயலில் அவள் தோல் ஒளிர்கிறது. 1961இல் பிறந்த லியு சிங்ஹே ஊறும் தாளை நம்புகிறவர். நகரத்து இளைஞர்களின் தனிமையையும் சலிப்பையும் பரந்த ஈர மையில் காட்டுகிறார். ஹேயின் அழகு மயக்குவது உண்மையே. ஆனாலும் இக்கால இளமையை நெருங்கித் தொடுவது லியுவின் மைதான்.

சூ வந்து தங்கிய அதே சாந்திநிகேதனில்தான் இலங்கையின் ஓவியர் மஞ்சுசிறியும் பயின்றார். அங்கே 1937இல் தொடங்கிய சீன ஆய்வு நிலையமான சீனபவனத்தின் சுவர்களில் நந்தலால் போஸும் வினோத் பிகாரி முகர்ஜியும் தீட்டிய ஓவியங்கள் உள்ளன. ஓவியம் பயிலும் நம் பிள்ளைகள் அவற்றை ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும்.